ஒரு கணினி, பல திரைகள்: ‘டூப்ளிகேட்’, ‘எக்ஸ்டெண்ட்’, ‘ஸ்பிளிட்டர்’ – தமிழில் என்ன?

குழுவினர்க்கு வணக்கம்.
திங்கட்கிழமை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் குழுகுழுவாகத் தங்கள் செயல்திட்டத்தைப் பேசிக் காட்டுகிறார்கள். கூடத்தில் ஒரு மடிக்கணினி, இரண்டு டிவி, ஒரு பழைய புரொஜெக்டர். போன தடவை ஒரு பெண் ஸ்லைடைத் திறந்தாள். அவள் முன்னால் இருந்த கணினியில் மட்டும் தெரிந்தது. டிவிகளில் வெறும் நீலப் பின்னணி. யாரோ ‘எக்ஸ்டெண்ட்’ ஆக்கி வைத்திருக்கிறார்கள். என்னவென்று புரியாமல் பாதிப் பேச்சில் உட்கார்ந்துவிட்டாள். அதனால்தான் மேசையில் ஒட்ட ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். விண்டோஸ் விசையோடு ‘பி’ அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும். நடுவில் உள்ள இரண்டுக்கும் – எல்லாத் திரையிலும் ஒன்றையே காட்டும் ‘டூப்ளிகேட்’, டிவியைத் தனி இரண்டாம் திரையாக்கும் ‘எக்ஸ்டெண்ட்’ – கணினியின் காட்சியைப் பல திரைகளுக்கு அனுப்பும் ஸ்பிளிட்டர் பெட்டிக்கும் சொல் வேண்டும். ஞாயிறு மாலைக்குள் தாருங்கள்.
– கணினி ஆசிரியை, தேனி மாவட்டம்

அம்மா, ‘நகல்’, ‘நீட்டிப்பு’ என்று போடுங்கள். இரண்டும் பொத்தானுக்குள் அடங்கும். தமிழ்ச் சொல் நீண்டால் பாதி வெட்டுப்பட்டுப் புள்ளி புள்ளியாக நிற்கும். தினமும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். ஸ்பிளிட்டருக்குப் ‘பிரிப்பான்’.
– மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், சென்னை

‘நகல்’ அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. நம்மிடம் ‘படி’ இருக்கும்போது அது எதற்கு? ஏட்டைப் படியெடுத்தவர்கள் நம் முன்னோர்.
‘பிரிப்பான்’ தவறு. அந்தப் பெட்டி காட்சியைக் கூறுபோடவில்லை; ஒன்றைப் பலவாக்குகிறது. அதற்குக் ‘கவை’ என்ற வேர் இருக்கிறது. கிளை பிரியும் இடம் கவை. பாதை பிரியும் இடத்தைச் சங்கப் பாட்டு ‘கவலை’ என்கிறது. மனம் இரண்டுபட்டு நிற்பதும் கவலைதானே! குறுந்தொகை 324-இல் ‘கவைமக நஞ்சுண் டாஅங்கு’ என்று வருகிறது. கவைமக என்றால் இரட்டைப் பிள்ளைகள். பிளவும் இரட்டையும் ஒரே சொல்லில். இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்குமா? ‘கவைப்பெட்டி’ என்க. ‘திரை’யும் ஆராயத்தக்கது: கடல் அலை திரை, முதுமையின் தோல் சுருக்கமும் திரை, பால் கெட்டால் திரைந்தது என்கிறோம். இதைத் தனி மடலில் விரித்து எழுதுவேன்.
– ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்

ஐயா, ‘படி’யைப் பிள்ளைகளிடம் காட்டினேன். ‘காட்சியைப் படி’ என்று எழுதியதும் நான்கு பேர் ஸ்லைடை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.
– கணினி ஆசிரியை

எங்கள் பக்கம் ‘பிரதி’ என்றால் சின்னப் பெடியளுக்கும் விளங்கும். நிழற்பிரதி எடுக்காத ஆள் இல்லை. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று, வடவெழுத்தை நீக்கி வடசொல்லை எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார். பிறகு ஏன் கதவைச் சாத்துகிறோம்?
– யாழ்ப்பாணத்திலிருந்து

அவர் வழி விட்டது செய்யுளுக்கு. தமிழ்ச்சொல் இருக்கும் இடத்தில் அதைத் தள்ளிவிட்டு வேறொன்றைக் கொள்ளச் சொல்லவில்லை.
– தஞ்சாவூர்

சொல்லுக்கு முன் ஒரு விஷயம். ஸ்பிளிட்டர் இருந்தால் மூன்று திரையிலும் ஒரே படம்தான் வரும். ‘எக்ஸ்டெண்ட்’ போட்டாலும் மடிக்கணினிக்கு அந்த மூன்றும் சேர்ந்து ஒரே இரண்டாம் திரை. ஒவ்வொன்றிலும் வேறு வேறு காட்சி வேண்டுமானால் தனித்தனி வெளியீடு வேண்டும்; அல்லது டிஸ்ப்ளேபோர்ட் என்ற திரை இணைப்பில் 1.2 பதிப்பு முதல் உள்ள எம்எஸ்டி (ஒரே இணைப்பில் பல திரைகளுக்கு வேறு வேறு காட்சி அனுப்பும்) வசதி வேண்டும். அடுத்தது, தெளிவு. ஒவ்வொரு திரையும் தன்னால் காட்ட முடிந்த புள்ளி அளவைக் கணினிக்குச் சொல்லும். மூன்று திரைகள் மூன்று விதமாகச் சொன்னால் பல ஸ்பிளிட்டர் பெட்டிகள் தாழ்ந்த அளவையே கணினிக்குச் சொல்லும். உங்கள் புரொஜெக்டர் 1024×768 என்றால், 1920×1080 டிவிகளும் அதற்கு இறங்கி, இரு ஓரமும் கறுப்பாகி, எழுத்து மங்கும். புரொஜெக்டரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.
‘டூப்ளிகேட்’டுக்குச் சொல்: ‘ஆடிக்காட்சி’. ஆடி என்றால் கண்ணாடி. ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ என்று குறள் 706 சொல்வது இந்த வேலையைத்தான்.
– மின்னணுப் பொறியாளர், கோவை

குறள் அழகு. ஆனால் கண்ணாடியில் இடம் வலம் மாறுமே? எழுத்தும் அப்படி மாறித் தெரியுமோ என்று பிள்ளைகள் பயப்படுவார்கள்.
– சென்னை

புரொஜெக்டரைக் கழற்றினேன், டிவியில் எழுத்து பளிச்சென்று வந்துவிட்டது. கோவை ஐயாவுக்கு நன்றி. நேரம் போய்விட்டதால் குறிப்பை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ‘ஒரே காட்சி: எல்லாத் திரையிலும் இதுவே தெரியும்.’ ‘நீள்காட்சி: உன் திரையில் இருப்பது டிவியில் தெரியாது.’ ஸ்பிளிட்டரை ஸ்பிளிட்டர் என்றே எழுதியிருக்கிறேன்.
– கணினி ஆசிரியை

‘ஒரே காட்சி’க்கு என் வாக்கு.
– சென்னை

எனக்கும் சம்மதம். ‘நீள்காட்சி’ நீளமான படம் என்று தொனிக்கிறது, பரவாயில்லை.
– யாழ்ப்பாணம்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஸ்பிளிட்டருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அம்மா, அடுத்த அச்சிலாவது பக்கத்தில் ‘கவைப்பெட்டி’ என்று ஒரு சொல் சேருங்கள். உண்டிவில் செய்யக் கவட்டைக் குச்சி தேடி ஒடிக்கிற பிள்ளைகளுக்கு அது புரியாமல் போகாது.
– தஞ்சாவூர்