தலையாட்டுகிறார்கள், வேலை நடப்பதில்லை

யாங்கோனில் ஓர் உளுந்து ஏற்றுமதி நிறுவனத்தின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். நான்கு மாதம் ஆகிறது. என் கீழ் ஆறு பேர். எல்லாரும் பர்மியர்கள், என்னைவிட மூத்தவர்கள். எதைச் சொன்னாலும் "ஹோக்கே" (சரிங்க) என்கிறார்கள். மாலையில் பார்த்தால் மூட்டைகள் அங்கேயே கிடக்கின்றன. போன வாரம் தராசு பழுதாகி இரண்டு லாரிகள் ஏற்றாமல் நின்றன. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுத்தால் எதிரே இருப்பவர் மனம் நோகுமே என்கிற 'ஆநாடே' கூச்சம் இது என்று புரிகிறது. (கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, அவ்வளவு நல்லவர்கள்.)

பர்மியத்தில் எழுதிக் கொடுத்தேன். தனியாக அழைத்து, பெயருக்கு முன்னால் 'ஊ' சேர்த்து மரியாதையாகக் கேட்டேன். தேநீர்க்கடைக்கும் அழைத்துப்போனேன்; மொகிங்கா (மீன் சாற்று நூடுல்ஸ்) ருசித்தது, தகவல் வரவில்லை. ஒருமுறை குரலை உயர்த்தினேன். இரண்டு நாள் யாரும் பேசவில்லை.

இங்கே வேலை வாங்கிப் பழகியவர்களே, "முடியாது", "பழுது" என்று அவர்கள் கூச்சமின்றிச் சொல்ல, நான் எப்படிக் கேட்க வேண்டும்?