நாசிம் ரோடு பங்களாக்களின் பழைய படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் அண்ணன், அக்கா எல்லாருக்கும். என் தாத்தா 1960களில் சிங்கப்பூர் நாசிம் ரோட்டில் ஒரு பங்களாவில் தோட்டக்காரர். பின்பக்கம் வேலையாட்களுக்கான அறையில்தான் அம்மா பிறந்து வளர்ந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு பூமலை (தாவரவியல் பூங்கா) பக்கமிருந்து அங்கே நடந்து போனேன். வெளியே ஆள் நடமாட்டமே இல்லை. உயரமான மதில், இரும்புக் கதவு, கேமரா. இந்த மாதிரி 39 பங்களா வட்டாரங்கள் சிங்கப்பூரில் இருக்கின்றன. புதிதாகப் பிரிக்கும் மனை குறைந்தது 1,400 சதுர மீட்டர் இருக்கவேண்டும், இரண்டு மாடி வீடுதான் கட்டலாம். அதனால் இன்றும் கூரையைவிட மரங்கள்தான் உயரம். ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் அம்மா நின்றுவிட்டார். "இங்கதான் அப்பா மண்வெட்டிய சாத்தி வைப்பாரு" என்று பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஆனால் வீடு எதுவென்று தெரியவில்லை.

நாசிம், டாங்ளின், குளூனி பக்கம் தோட்டம், சமையல், டிரைவர் வேலை பார்த்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள். வேலையாட்கள் குடியிருப்பு தெரிகிற படம் கிடைத்தால் பெரிய உதவி. மங்கலாக இருந்தாலும் சரி, அம்மா பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்.