புதுப்பிப்பு: மரியான் மூர் அனுப்பிய கடிதங்கள் எங்கே – கிடைத்துவிட்டன

ரோசன்பாக் அருங்காட்சியக நூலகத்தின் பட்டியலில் அமெரிக்கப் பெண் கவிஞர் மரியான் மூரின் (1887–1972) 1920களின் கடிதப் போக்குவரத்து ஒருபக்கமாகவே தெரிகிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"பெற்றவர் பெயரில் தேடுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. 1968இல் மூர் தன் தாள்களை ஃபிலடெல்பியாவின் ரோசன்பாக்குக்கு விற்றார். அங்கே அவருக்கு வந்த கடிதங்களும் அவர் வைத்திருந்த நகல்களும் இருக்கும். அவர் அனுப்பிய மூலக் கடிதம் பெற்றவரின் தொகுப்பில்தான். ஆங்கில எழுத்தாளர் பிரையருக்கு எழுதியவை யேல் பல்கலையின் பைனக்கி நூலகத்தில், பிரையர் தாள்களுக்குள் உள்ளன. மூர் 1929 வரை ஆசிரியராக இருந்த 'டயல்' இலக்கிய இதழின் கோப்புகளும் அங்கேயே.

எதிர்பாராதது குடும்பக் கடிதங்கள். ஒரு சிறுவர் நாவலின் பாத்திரங்களை வைத்து மூர் 'எலி', அம்மா 'அகழெலி', அண்ணன் 'பேட்ஜர்'. மூரை ஆண்பாலிலேயே சுட்டுகிறார்கள்! 'மரியான்' என்று மட்டும் தேடினால் மிக நல்ல பக்கங்கள் தப்பிவிடும்.

குறிப்பேடுகள் சிலவற்றை பஃபலோ பல்கலையின் மூர் மின்காப்பகத்தில் இலவசமாகவே படிக்கலாம். ரோசன்பாக்குக்கு நேரில் போவதானால் முன்பதிவு அவசியம்.