உழவர் சந்தைப் பலகை விலை விவசாயிக்குக் கட்டுமா?

வாடிப்பட்டித் தோட்டம்:
அரை ஏக்கரில் தக்காளியும் கத்தரியும். அண்ணாநகர் உழவர் சந்தையில விற்க விவசாயி அடையாள அட்டை வாங்கலாமா, மாட்டுத்தாவணி மண்டிக்கே போடலாமா? பலகை விலைக்கு மேல விற்கக்கூடாதுங்கிறாங்க. அந்த விலையை எப்படிப் போடுறாங்க?

சந்தைக்கணக்கு:
1999 நவம்பர் 14-ல் முதல் உழவர் சந்தை திறந்ததே மதுரை அண்ணாநகர்லதான். கணக்கு இது: மண்டி விலைக்கு 20 சதவீதம் கூட, கடைச் சில்லறை விலைக்கு 15 சதவீதம் குறைய. விடிகாலையில் மண்டி விலையை விசாரிச்சு, விவசாயிகளோட பேசிப் பலகையில் எழுதுவாங்க.

15 கிலோ தக்காளிப் பெட்டி 300 ரூபாய்னு வைங்க. கிலோ 20, கூட்டினா 24. கடையில் 30-க்கு வித்தா, கழிச்சா 25.50. நடுவுல 25 போட்டா வாங்குறவர், விற்கிறவர் ரெண்டு பேருக்கும் லாபம்.

விலை ஏறும்போதுதான் இடிக்கும். மண்டி 60, கடை 75-ன்னா முதல் கணக்கு 72 சொல்லும், ரெண்டாவது 63.75 சொல்லும். கடை விலை மண்டி விலையைப் போல 1.41 மடங்காவது இருந்தாத்தான் ரெண்டும் பொருந்தும். இல்லாத நாள்ல ஒருத்தர் விட்டுக்கொடுத்தே ஆகணும்.

மேலூர் வயக்காடு:
அதுக்காக மண்டியே தேவலைன்னு முடிவு பண்ணிராதீங்கண்ணே. மண்டியில 60-க்குப் போனாலும் 10 சதவீதம் கமிஷன் பிடிச்சா கையில 54, இறக்குகூலி தனி. சந்தையில் 64 போட்டா 64-ம் உங்களுக்கு. கமிஷன் இல்லை, கடை வாடகை இல்லை, தராசும் அங்கேயே தருவாங்க.

ஆனா ஒரு ஆள் முழுக் காலையும் உட்காரணும். ரெண்டு மூணு பெட்டின்னா சந்தை, பத்துப் பெட்டி பறிக்கிற நாள்ல மண்டி. பழுத்த தக்காளி மிஞ்சினா அடிமாட்டு விலைதான்.

எனக்குப் பெரிய குறையாப் படுறது வேற. முதல் தரக் காய்க்கும் பொடிக் காய்க்கும் பலகையில ஒரே விலைன்னா, நல்ல காயை எல்லாரும் மண்டிக்கு அனுப்பிட்டுக் கழிசலைச் சந்தைக்குக் கொண்டாருவாங்க. சந்தை பேரு அதுல கெடுது. தரத்துக்கு ஒரு விலைன்னு ரெண்டு வரி எழுதியே ஆகணும்.

வாடிப்பட்டித் தோட்டம்:
அட்டைக்கு என்ன கொண்டு போகணும்?

சந்தைக்கணக்கு:
நிலம் யாருதுன்னு காட்டுற சிட்டா, என்ன பயிர்னு காட்டுற அடங்கல், ஆதார், போட்டோ. சந்தை அலுவலகத்துலயே கொடுங்க. தோட்டத்தைப் பார்த்துட்டுத்தான் தருவாங்க, அதனால பயிர் நிலத்துல நிற்கும்போதே கேளுங்க.