"கோல்டு" சோலோவை எடுத்துவிட்டால் ஸ்லாட்டர் ஆஃப் தி சோலில் மெலடியே இல்லையாமே?

இரும்புச்செவி:
பக்கத்துத் திரியில் கறுப்புக்கேசட் எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கே பதில் போட்டால் புதைந்துவிடும் என்பதால் தனித் திரி. அவர் சொன்னது இதுதான்: ஸ்வீடனின் டெத் மெட்டல் (உறுமலும் அதிவேகமும் கொண்ட கனத்த ராக்) குழு அட் தி கேட்ஸ் 1995-இல் வெளியிட்ட "ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்" வெறும் அடிதடி. அதில் மெலடி என்று இருப்பது "கோல்டு" பாட்டின் கிட்டார் சோலோ ஒன்றுதான். அதையும் குழுவில் யாரும் வாசிக்கவில்லை, கிங் டயமண்ட் என்ற பாடகரின் குழுவில் கிட்டார் வாசித்த ஆண்டி லாராக்கைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தார்கள். ஆகவே அது கடன் வாங்கிய மெலடி.

கடன் வாங்கிய மெலடியா? 11 பாட்டு, 34 நிமிடம் சொச்சம். அதில் சில விநாடி வரும் ஒரு சோலோவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மீதி அத்தனையையும் காது கேட்காமல் தாண்டிப் போக எப்படி மனசு வருகிறது?

அந்த ஆல்பத்தில் சோலோவே அரிது. மெலடி முழுக்க ரிஃபுக்குள், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிக்குள் இருக்கிறது. "அண்டர் எ செர்பன்ட் சன்" தொடக்கத்தைக் கேளுங்கள். ஆண்டர்ஸ் பியோர்லர் ஒரு பக்கம், மார்ட்டின் லார்சன் இன்னொரு பக்கம். ஒருவர் வரியைப் பிடித்துப் போக, மற்றவர் மூன்று சுரம் தள்ளி நின்று கூடவே நகர்கிறார். பிரிட்டிஷ் மெட்டல் குழு அயர்ன் மெய்டன் செய்த அதே இரட்டைக் கிட்டார் வேலைதான். ஆனால் இங்கே ஒரு சுரம்கூட நின்று ஒலிப்பதில்லை. பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகடு) மேலும் கீழும் அதிவேகமாக அடித்து ஒவ்வொரு சுரத்தையும் பொடிப்பொடியாக்கி வாசிக்கிறார்கள். அப்படியும் அந்த வரி மண்டைக்குள் உட்கார்ந்துவிடுகிறது. கீழே ஏட்ரியன் எர்லாண்ட்சன் டிரம்ஸை பங்க் வேகத்தில் ஓட்டுகிறார். ஆக்ரோஷம் தனியாக, மெலடி தனியாக அங்கே கிடையாது, இரண்டும் ஒரே கையசைவில் வருகின்றன. இதைக் கேட்டுவிட்டு "மெலடி ஒரே இடத்தில்தான்" என்று எழுதுகிறவரை என்ன சொல்ல?

கறுப்புக்கேசட்:
என் பெயரைப் போட்டே திரி தொடங்கிவிட்டீர்கள், சரி. இவ்வளவு எழுதியும் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. கோல்டு சோலோவை வாசித்தது யார்? ஆண்டி லாராக். அவர் அட் தி கேட்ஸ் உறுப்பினரா? இல்லை. அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசும் யாரும் முதலில் குறிப்பிடும் இடம் எது? அந்த சோலோ. இதற்கு மேல் நான் என்ன நிரூபிக்க வேண்டும்?

இரும்புச்செவி:
வெளி ஆள் வெளி ஆள் என்கிறீர்களே, லாராக் எந்த ஊர்? ஸ்வீடனின் கோத்தன்பர்க். அட் தி கேட்ஸ் எந்த ஊர்? கோத்தன்பர்க். ஆல்பம் பதிவானது எங்கே? அதே ஊரில், ஃபிரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரமின் ஸ்டூடியோ ஃபிரெட்மனில். பக்கத்துத் தெருக்காரரைக் கூப்பிட்டு ஒரு சோலோ கேட்டதைக் கடன் என்று எழுதுகிறீர்கள். 1985-இலிருந்தே கிங் டயமண்டோடு வாசித்துவந்த மனிதர் அவர். டெத் என்ற அமெரிக்கக் குழுவின் 1993 ஆல்பத்திலும் அவர்தான் வாசித்தார். அதற்காக அந்தக் குழுவின் தலைவர் சக் ஷுல்டினர் கடன் வாங்கினார் என்று எழுதுவீர்களா? எழுத மாட்டீர்கள். அங்கே உங்களுக்குக் கை நடுங்கும்.

கறுப்புக்கேசட்:
ஒரே ஊர் என்றால் உறுப்பினர் ஆகிவிடுவாரா? நல்ல கணக்கு. அவர் வெளி ஆள்தான்.

பழையவாசல்:
இரண்டு பேரும் தப்பான ஆல்பத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். அட் தி கேட்ஸின் மெலடி வேண்டுமென்றால் 1992-க்குப் போங்கள். "தி ரெட் இன் தி ஸ்கை இஸ் அவர்ஸ்" ஆல்பத்தில் வயலினே உண்டு. ஒரு பாட்டுக்குள் பத்து திருப்பம். அதெல்லாம் அப்போது குழுவில் கிட்டார் வாசித்த ஆல்ஃப் ஸ்வென்சன் மூளையில் பிறந்தது. 1993-இல் அவர் வெளியேறினார், பாட்டுகள் நேர்கோட்டுக்கு வந்துவிட்டன. ரிஃப், பல்லவி, ரிஃப், பல்லவி. இதைத்தான் உலகமே கொண்டாடுகிறது. இரும்புச்செவி, நீங்கள் சொல்கிற செர்பன்ட் சன் ரிஃப் அழகுதான். ஸ்வென்சன் அதைப் போல நான்கை ஒரே பாட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பார்.

இரும்புச்செவி:
வந்துவிட்டீர்களா! போன வருடம் கார்கஸ் திரியிலும் இதே பாட்டுதான். "ஹார்ட்வொர்க் ஆல்பம் வந்ததும் கார்கஸ் குழு செத்துவிட்டது" என்று எழுதி அந்தத் திரியையே மூட வைத்தவர் நீங்கள். யாராவது பாட்டைக் கச்சிதமாக எழுதிவிட்டால் உங்களுக்குப் பொறுக்காது.

முதல் ஆல்பத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் அதில் ஒரு ரிஃப் பிடிக்கத் தொடங்கும்போதே அடுத்தது வந்து தள்ளிவிடும். ஸ்லாட்டரில் வெட்டி எறிந்திருக்கிறார்கள். கிட்டார் ஆண்டர்ஸும் பேஸ் கிட்டார் ஜோனாஸ் பியோர்லரும் இரட்டையர், ஆல்பம் வந்தபோது இருவருக்கும் 22 வயது. அந்த வயதில் தாங்கள் எழுதியதையே வெட்டிப் போடும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்? "நாசியா", "நீட்" இரண்டையும் அடுத்தடுத்து கேளுங்கள். முதலாவது மூச்சு விடாத ஓட்டம், இரண்டாவதில் வேகம் இறங்கி அந்தச் சோகம் முழுக்க வெளியே தெரியும். தேவையில்லாத வரி ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

பழையவாசல்:
கார்கஸ் திரி மூடப்பட்டதற்கு நான் காரணம் இல்லை. நீங்கள் எனக்கு அனுப்பிய தனிமடல்தான் காரணம். அதை இங்கே ஒட்டட்டுமா?

பெடல்பித்தன்:
சண்டைக்கு நடுவே ஒரு விஷயம். அந்தக் கிட்டார் ஒலிக்குப் பாஸ் (Boss) நிறுவனத்தின் எச்.எம்-2 பெடல்தான் காரணம், கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் சின்னப் பெட்டி. நான்கே குமிழ். லெவல், கலர் மிக்ஸில் எல் ஒன்று, எச் ஒன்று, அப்புறம் டிஸ்டார்ஷன். நான்கையும் கடைசி வரை திருப்பினால் ஸ்டாக்ஹோம் ரம்பம். ஸ்டாக்ஹோம் குழு என்டூம்ட் 1990-இல் "லெஃப்ட் ஹேண்ட் பாத்" செய்தபோது சன்லைட் ஸ்டூடியோவில் பிடித்த ஒலி அது. கோத்தன்பர்க்காரர்கள் அதே பெடலை எடுத்து இன்னும் இறுக்கமாக, ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கிற மாதிரி செய்தார்கள். ரம்ப ஒலியிலேயே விட்டிருந்தால் இரும்புச்செவி சொல்லும் இரட்டைக் கிட்டார் இசைவு சேறாகிப் போயிருக்கும். எச் குமிழைத் திருப்பிக்கொண்டே ஒரு சுரத்தை அடித்துப் பாருங்கள், நடு அலைவரிசை எப்படி எழுந்து கடிக்கிறது என்று தெரியும்.

கறுப்புக்கேசட்:
பெடல் மெலடி எழுதாது. கோல்டு சோலோவும் அந்தப் பெடலால் வரவில்லை, ஆண்டி லாராக்கின் விரலால் வந்தது.

ராகப்பிரியன்:
நான் மெட்டல் அதிகம் கேட்டவன் இல்லை, இந்தத் திரியைப் பார்த்துத்தான் கேட்டேன். ரிஃப்கள் பெரும்பாலும் நடபைரவி வழியில் போகின்றன, அங்கங்கே நிஷாதம் ஏறும்போது கீரவாணி வாடை. அதனால்தான் நம் காதில் சட்டென்று ஒட்டுகிறது என்று நினைக்கிறேன். கத்தல்தான் பழகவில்லை.

இரும்புச்செவி:
ராகப்பிரியன் சார், நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அது மைனர் ஸ்கேல், ஹார்மோனிக் மைனர். ஸ்வீடன்காரர்கள் மெய்டனையும் ஸ்லேயரையும் கேட்டு வளர்ந்து எழுதியதற்கு ராக முத்திரை குத்தினால் அடுத்த வாரம் இதே தளத்தில் "டெத் மெட்டல் நம்முடையதே" என்று ஒருவர் திரி தொடங்குவார். அப்புறம் அந்தக் கத்தல். அட் தி கேட்ஸ் பாடகர் தாமஸ் லிண்ட்பெர்க்கின் குரல் மற்ற டெத் மெட்டல் பாடகர்களைப் போல அடிவயிற்று உறுமல் இல்லை. மேல் ஸ்தாயியில் கிழிகிற குரல். கோல்டு பாட்டில் தன் 22 வருட வாழ்க்கையின் வலியைச் சொல்லிக் கத்துகிற இடத்தில் ஒவ்வொரு எழுத்தும் கேட்கும். அந்தப் பாட்டின் உச்சம் அதுதான். சோலோ இல்லை.

ராகப்பிரியன்:
நான் நம்முடையது என்று எங்கே சொன்னேன்? சொல்லாததை என் வாயில் திணிக்க வேண்டாம்.

கறுப்புக்கேசட்:
ஆக, கோல்டு பாட்டின் உச்சம் சோலோ இல்லை என்கிறார். முதலில் கடன் இல்லை என்றார், பிறகு பக்கத்துத் தெரு என்றார், இப்போது அந்த சோலோ முக்கியமே இல்லை என்கிறார். லாராக் பெயர் வந்தாலே இவர் ஏன் இப்படி நழுவுகிறார்?

வடதுருவம்:
2025 செப்டம்பரில் லிண்ட்பெர்க் இறந்த பிறகுதான் இந்த ஆல்பத்துக்கு இவ்வளவு காவலர்கள். அதற்கு முன்னால் இங்கே அட் தி கேட்ஸ் பற்றி யார் பேசினீர்கள்? எனக்கு 1995 கோத்தன்பர்க் என்றால் அதே ஊர்க் குழு டார்க் ட்ராங்க்விலிட்டியின் "தி கேலரி" ஆல்பம்தான். அதே வருடம், அதே ஸ்டூடியோ ஃபிரெட்மன். ஒவ்வொரு பாட்டிலும் கிட்டார் வரிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். வெளியிலிருந்து சோலோவுக்கு ஆள் கூப்பிட வேண்டிய நிலைமை அவர்களுக்கு இல்லை.

இரும்புச்செவி:
தம்பி, ஒரு மனிதர் புற்றுநோயில் போயிருக்கிறார். அதை வைத்து ரசிகர்களுக்கு வரிசை எண் கொடுக்காதீர்கள். இந்தத் தளத்தில் என் பழைய பதிவுகள் கிடக்கின்றன, தேடிப் படியுங்கள். 2008-இல் அவர்கள் மறுபடி சேர்ந்து மேடை ஏறியபோதே எழுதியவன் நான். 2014-இல் "அட் வார் வித் ரியாலிட்டி" வந்தபோதும் எழுதினேன்.

தி கேலரி பெரிய ஆல்பம், மறுக்கவில்லை. ஆனால் அதன் தாக்கம் எவ்வளவு? 2000-க்குப் பிறகு அமெரிக்காவில் கில்ஸ்விட்ச் என்கேஜ், டார்க்கஸ்ட் ஹவர், தி பிளாக் டாலியா மர்டர் என்று ஒரு தலைமுறையே எந்த ஆல்பத்தின் ரிஃபை எடுத்துக்கொண்டு வந்தது? டார்க்கஸ்ட் ஹவர் தங்களுடைய 2003 ஆல்பத்துக்கு நேராக ஸ்டூடியோ ஃபிரெட்மனுக்கே போய் நோர்ட்ஸ்ட்ரமிடம் பதிவு செய்தார்கள். லிண்ட்பெர்க்கையும் பாட வைத்தார்கள். கடன் வாங்கியது யார், கொடுத்தது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

வடதுருவம்:
முதலில், தம்பி என்று கூப்பிட வேண்டாம். நான் பெண், உங்களை விட மூத்தவளாகவும் இருக்கலாம். இரண்டாவது, நீங்கள் சொன்ன அமெரிக்கக் குழுக்களின் மெட்டல்கோரை (மெட்டலும் ஹார்ட்கோர் பங்கும் கலந்த வகை) பெற்றுப் போட்டது பெருமையா? எத்தனை ஆயிரம் குழுக்கள் அந்த ஒரே ரிஃபைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தன! தி கேலரியை யாராலும் நகலெடுக்க முடியவில்லை, அதனால்தான் அது தப்பித்தது.

பழையவாசல்:
வடதுருவம் சொல்வது சரி. எளிதாக நகலெடுக்க முடிந்தது ஏனென்றால் ஸ்வென்சன் போன பிறகு அதில் நகலெடுக்கக் கஷ்டமான எதுவும் மிச்சமில்லை.

இரும்புச்செவி:
நகலெடுத்தவர்கள் யாராவது அதன் அருகே வந்தார்களா? அதைச் சொல்லுங்கள். ரிஃபை எடுத்தார்கள், அந்த வெறியை எடுக்க முடியவில்லை. "சூசைட் நேஷன்" தொடக்கத்தில் துப்பாக்கி ஏற்றும் சத்தம், உடனே ரிஃப். அதற்கு முன்னால் "இன்டு தி டெட் ஸ்கை", டிரம்ஸும் குரலும் இல்லாமல் கிட்டார் மட்டும் அமைதியாகப் போகும் இசைத்துண்டு. அந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில் இருக்கிற கணக்கு எந்த மெட்டல்கோர் ஆல்பத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. கறுப்புக்கேசட் அவர்களே, "இன்டு தி டெட் ஸ்கை" முழுக்க மெலடி. லாராக் அதில் எங்கே இருக்கிறார்?

கறுப்புக்கேசட்:
அது இடைவேளைத் துண்டு. அதை மெலடிக் கணக்கில் சேர்க்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்றால் உங்கள் வாதத்தின் நிலைமை தெரிகிறது. கோல்டு சோலோவைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

இரும்புச்செவி:
பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்! சோலோ எதன் மேல் நிற்கிறது? பியோர்லர் சகோதரர்கள் எழுதிய பாட்டின் மேல். அடியில் அந்த ரிஃப் இல்லாவிட்டால் லாராக் எங்கே போய் வாசிப்பார்? வீடு கட்டியவனை விட்டுவிட்டு, வாசலில் கோலம் போட்டவரிடம் பத்திரத்தை எழுதிக் கொடுக்கிறீர்கள்.

கறுப்புக்கேசட்:
கோலம் போட்டவர் வெளி ஆள் என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

இரும்புச்செவி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி படியுங்கள்.

வடதுருவம்:
இன்னொரு கோத்தன்பர்க் குழு இன் ஃபிளேம்ஸ் ஏன் இன்னும் யார் வாயிலும் வரவில்லை? 1996-இல் "தி ஜெஸ்டர் ரேஸ்". மெலடி பற்றிய திரியில் அந்தப் பெயரே இல்லாமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

பெடல்பித்தன்:
ஜெஸ்டர் ரேஸில் டிரம்ஸ் வாசித்தது பியோர்ன் கெலோட்டே. பிறகு அதே குழுவில் கிட்டாருக்கு மாறினார். டிரம்ஸ் ஒலி எனக்குப் பிடிக்காது, தட்டையாக இருக்கும்.

வடதுருவம்:
தட்டையா? எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள்? போனில் கேட்டுவிட்டு டிரம்ஸ் ஒலிக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

பெடல்பித்தன்:
ஸ்பீக்கரில்தான் கேட்டேன். பெடல், ஆம்ப், ஸ்பீக்கர் விஷயத்தில் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். என்னிடம் இருப்பது ஜப்பானில் செய்த பழைய எச்.எம்-2, தைவானில் செய்தது இல்லை.

பழையவாசல்:
அந்த ஜப்பான், தைவான் வித்தியாசம் எல்லாம் விற்பவர்கள் விலை ஏற்றக் கிளப்பிவிட்டது. உள்ளே இருக்கும் சர்க்யூட் ஒன்றுதான்.

பெடல்பித்தன்:
ஒன்றுதானா? இரண்டையும் ஒரே ஆம்பில் மாட்டிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்காமலேயே எழுதுகிறீர்கள். 2021-இல் பாஸ் நிறுவனமே அந்தப் பெடலை மறுபடி ஜப்பானில் செய்து விற்கத் தொடங்கியது, தெரியுமா?

பழையவாசல்:
விற்கத் தொடங்கியது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நானும் விற்பனை என்றுதான் சொல்கிறேன்.

இரும்புச்செவி:
பெடலுக்குத் தனித் திரி தொடங்குங்கள். பழையவாசல், அந்தத் தனிமடலை ஒட்டுகிறேன் என்றீர்களே, ஒட்டுங்கள். அதற்கு முன்னால் நீங்கள் எனக்கு அனுப்பியதையும் சேர்த்து ஒட்டுங்கள். எல்லோரும் படிக்கட்டும்.