குண்டுமணியும் சாம்பனும் இருந்த வீடு

குழு: மூன்று வீடு, ஒரே முற்றம்

மீனா: எல்லோருக்கும் வணக்கம். என் அலுவலகத் தோழி ஒருவர் வெளிநாட்டுக்குக் குடிபெயர்வதால், தான் வளர்த்துவரும் இரண்டு முயல்களை நல்ல வீடாகப் பார்த்து ஒப்படைக்க விரும்புகிறார். அவற்றைப் பார்த்த நாளிலிருந்து யாழினிக்கு வேறு பேச்சே இல்லை. எங்களுடையது வேளச்சேரியில் இரண்டாவது மாடி. இரண்டு படுக்கையறைகளும் மேற்குப் பார்த்த ஒரு பால்கனியும் இருக்கின்றன. பெரியம்மா, உங்கள் கோவை வீட்டில் பல ஆண்டுகள் முயல்கள் இருந்தனவே, இந்த வீட்டுக்கு அவை ஒத்துவருமா என்று சொல்லுங்கள்.

சித்தப்பா: தாராளமாக ஒத்துவரும், மீனா. முயல் குரைக்காது, கடிக்காது, நடைக்கு அழைத்துப்போகச் சொல்லாது. பால்கனியில் கம்பிவலைத் தளம் போட்ட கூண்டு ஒன்றை வைத்து, கீழே ஒரு தட்டையும் வைத்துவிட்டால் புழுக்கை தானாக விழுந்துவிடும். நான் வத்தலக்குண்டில் நாற்பது முயல்களை அப்படித்தான் வைத்திருந்தேன்.

கவிதா: "கடிக்காது" என்று சித்தப்பா எழுதியிருப்பதைப் படித்தபடி என் சுட்டுவிரலில் உள்ள தழும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியம்மா: மீனா, பால்கனியைப் பற்றிப் பிறகு பேசுவோம். அவை இரண்டும் ஆணா, பெண்ணா என்று உன் தோழி சொன்னாரா?

மீனா: இரண்டும் பெண் என்றுதான் கடையில் சொன்னார்களாம், பெரியம்மா. வாங்கி நான்கு மாதங்களே ஆகின்றன.

பெரியம்மா: 2009 இல் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சிவப்புக் கண்ணும் வெள்ளை உரோமமுமாக இருந்ததற்குக் குண்டுமணி என்றும், சாம்பல் நிறத்ததற்குச் சாம்பி என்றும் கவிதா பெயர் வைத்தாள். ஒருநாள் குண்டுமணி தன் மார்பு உரோமத்தை வாயாலேயே பிடுங்கிப் பிடுங்கி அலமாரிக்கு அடியில் மெத்தை அமைக்கத் தொடங்கியபோதுதான் சாம்பி சாம்பன் ஆனான். முயலுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள்தான். ஈன்ற அன்றே மறுபடியும் சினை பிடிக்கக்கூடிய உடலமைப்பு அதற்கு. ஆகவே ஆறு குட்டிகளைப் பார்த்து நாங்கள் வியந்து நிற்கும்போதே அடுத்த ஈற்றுக்கான கணக்கு தொடங்கிவிட்டது. சிறு குட்டிகளில் பாலினம் காண்பது அனுபவமுள்ளவர்களுக்கே கடினம். உன் தோழியின் முயல்கள் வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்.

பெரியப்பா: அந்த முதல் ஈற்றின்போது நடந்ததையும் சொல். பிறந்த குட்டிகள் உரோமமின்றிக் கண் மூடிக் கிடக்க, தாய் அந்தப் பக்கமே போகாமல் கூடத்தில் நிம்மதியாகப் புல் மென்றுகொண்டிருந்தது. "பெற்றவளே கைவிட்டுவிட்டாள்" என்று அம்மா பஞ்சில் பசும்பாலை நனைத்துப் புகட்டக் கிளம்பிவிட்டார்கள். தாய் முயல் நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோதான், அதுவும் சில நிமிடங்கள் மட்டுமே பாலூட்டும் என்பதையும், எதிரிகளுக்குக் கூட்டைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகவே மற்ற நேரங்களில் விலகி இருக்கும் என்பதையும் மருத்துவர் தொலைபேசியில் விளக்கிய பிறகுதான் அம்மா பஞ்சைக் கீழே வைத்தார்கள்.

மீனா: யாழினிக்கு இதைப் படித்துக் காட்டினேன். குட்டி போட்டால் நல்லதுதானே என்று கேட்கிறாள்.

கவிதா: அந்தக் குட்டிகளுக்கு வீடு தேடி நான் என் வகுப்புத் தோழிகள் ஒவ்வொருவரிடமும் கெஞ்சியதை அவளுக்குச் சொல்லுங்கள், அக்கா. சாம்பனுக்கு உடனே கருத்தடை செய்தோம். அதன் பிறகும் சில வாரங்கள் அவனைத் தனி அறையில் வைக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அறுவை முடிந்தாலும் சினைப்படுத்தும் திறன் உடனே நீங்கிவிடாது. குண்டுமணிக்கும் அடுத்த ஆண்டு செய்தோம். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு நான்கு வயதைக் கடந்தால் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருகிறது. அறுவைக்கு முன்தினம் இரவு பட்டினி போட வேண்டுமா என்று அப்பா கேட்டதற்கு, முயலால் வாந்தி எடுக்கவே முடியாது என்பதால் பட்டினி தேவையில்லை, போட்டால் குடல் நின்றுவிடும் என்று மருத்துவர் சொன்னார்.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

பெரியப்பா: தம்பி, நீ நீக்குவதற்குள் நான் படித்துவிட்டேன். "முயலுக்குத் தண்ணீர் வைக்கக் கூடாது, குடித்தால் இறந்துவிடும்" என்று யாரோ அனுப்பியதை நீயும் இங்கே அனுப்பினாய். நாற்பது முயல் வளர்த்தவன் இதை நம்பலாமா? ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லி வரை தண்ணீர் குடிக்கிற உயிர் அது.

சித்தப்பா: அண்ணா, கை தவறி அனுப்பிவிட்டேன். என் பண்ணையில் தண்ணீர் எப்போதும் இருந்தது. ஆனால் கூண்டு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறதே, ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களையெல்லாம் அங்கே பார்த்துத்தான் நான் தொழிலையே தொடங்கினேன்.

பெரியப்பா: தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்காதே. சில மாதங்களில் விற்பனைக்குப் போகும் முயலுக்கான ஏற்பாடு வேறு, ஒன்பது ஆண்டுகள் வீட்டில் வாழப்போகும் முயலுக்கான ஏற்பாடு வேறு. நாய்க்கும் பூனைக்கும் இருப்பதுபோல் முயலின் பாதத்தில் தோல் மெத்தை கிடையாது, வெறும் உரோமம்தான். ஆண்டுக்கணக்கில் கம்பிவலை மேல் உட்கார்ந்தால் குதிகால் புண்ணாகி, ஆறவே ஆறாது.

சித்தப்பா: அது உண்மைதான். பெரிய தாய் முயல்களுக்குப் பலகைத் துண்டு போட்டுத்தான் வைத்திருந்தேன்.

பெரியம்மா: தம்பி, நீங்கள் வத்தலக்குண்டை வைத்துப் பேசுகிறீர்கள், மலையடிவாரக் காற்று மாலையில் இறங்கிவிடும். மீனா இருப்பது சென்னையில், அதுவும் மேற்குப் பார்த்த பால்கனி. மீனா, அந்தப் பால்கனியை நீ மறந்துவிடுவதே நல்லது. முயலுக்கு வியர்க்காது; உடம்பின் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் பெரிய வழி காதுகளில் ஓடும் இரத்தக் குழாய்கள்தான், சுற்றியுள்ள காற்றே கொதிக்கும்போது அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. 30 டிகிரியைத் தாண்டினாலே அது திணறத் தொடங்கும். கோவையிலேயே கத்திரி வெயில் நாட்களில் நாங்கள் கூடத்துக் கதவில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, தண்ணீர் உறைந்த பிளாஸ்டிக் போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, காதுகளை ஈரக்கையால் தடவிக்கொண்டிருந்தோம். குண்டுமணி அந்தப் போத்தலை ஒட்டியபடி நாள் முழுவதும் நீட்டிப் படுத்திருப்பாள். உங்கள் வீட்டில் மதிய வெயில் படாத அறை எது?

மீனா: யாழினியின் அறை கிழக்குப் பார்த்தது. பகலில் நாங்கள் அலுவலகம் போய்விட்டாலும் மாமியார் வீட்டில் இருப்பார். மின்விசிறி ஓடும்; ஏசியும் அந்த அறையில்தான் இருக்கிறது.

பெரியம்மா: அப்படியானால் அந்த அறைதான் முயல்களுடைய அறை, யாழினி அதில் உடன் குடியிருப்பாள் என்று வைத்துக்கொள்.

கவிதா: அக்கா, அந்த அறையில் தரையோடு ஓடும் மின்கம்பிகளை இன்றே எண்ணிப் பாருங்கள். முயலின் பல் வாழ்நாள் முழுவதும் வளரும். முன்பற்கள் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளர்கின்றன. அதனால் அது எதையாவது கொறித்துக்கொண்டேதான் இருக்கும். எங்கள் வீட்டு இணையக் கம்பியைச் சாம்பன் அடிக்கடி துண்டித்ததில், பழுது பார்க்க வருபவர் செருப்பைக் கழற்றும்போதே "இந்தத் தடவையும் முயல்தானா?" என்று கேட்பார். கடைசியில் அப்பா எல்லாக் கம்பிகளையும் பிவிசி குழாய்க்குள் நுழைத்துச் சுவரில் இரண்டடி உயரத்துக்கு ஏற்றிவிட்டார்.

பெரியப்பா: என் பட்டு வேட்டியின் கரையும், கொடுத்து முடிக்காத கல்யாணப் பத்திரிகைக் கட்டும் போன பிறகுதான் ஏற்றினேன். பூஜை அறையையும் கவனிக்க வேண்டும், மீனா. துளசி மாடத்தை மொட்டையடித்தார்கள், அதனால் தீங்கு ஒன்றும் இல்லை. ஆனால் அரளிப்பூ நஞ்சு. சாமி படத்துக்குச் சாத்திய மாலை உதிர்ந்து தரையில் விழுந்தால் முயல்தான் முதலில் போய்ச் சேரும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அரளி மாலை வாங்குவதில்லை.

மீனா: மாமியாரிடம் சொல்லிவிட்டேன். சாமந்திக்கு மாறிக்கொள்ளலாம் என்கிறார். உணவைப் பற்றி ஒரு கேள்வி: தோழி காலையும் மாலையும் கேரட், ரொட்டி, கடையில் விற்கும் தீவனக் குச்சிகள் ஆகியவற்றைக் கொடுக்கிறார். அதையே தொடரலாமா?

பெரியம்மா: தொடரக் கூடாது, ஆனால் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, ஏனென்றால் அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் பழகிய உணவிலிருந்து மெல்ல மெல்லத்தான் மாற முடியும். அது உண்பதில் பெரும்பகுதி, ஐந்தில் நான்கு பங்கு என்று வைத்துக்கொள், புல்லாக இருக்க வேண்டும். பல் தேய்வதும் குடல் நகர்வதும் அந்த நார்ச்சத்தால்தான். நாங்கள் அருகம்புல்லை வாங்கி, கழுவி, மாடி நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைப்போம். மழைக்காலத்தில் அது காயாமல் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், அந்த மாதங்களுக்கு மட்டும் விலையைப் பார்க்காமல் திமோத்தி உலர்புல் வாங்கினோம். வைக்கோல் மெல்லுவதற்கு உதவும், ஆனால் அதில் சத்து இல்லை. முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் சுண்ணாம்புச் சத்து மிகுந்தவை. ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். கொத்தமல்லித் தழை கொடுக்கலாம். கேரட் அதற்கு இனிப்புப் பண்டம். விரல் நீளத் துண்டு எப்போதாவது போதும். ரொட்டி, சோறு, பிஸ்கட் எதுவுமே வேண்டாம்.

மீனா: நேற்று அவற்றில் ஒன்றின் சிறுநீர் செம்மஞ்சளாக இருந்ததாகத் தோழி பதறினார். இன்னொன்று தன் கழிவையே வாய் வைத்துத் தின்றதைப் பார்த்து யாழினி முகம் சுளித்தாள்.

கவிதா: இரண்டுக்குமே பயப்பட வேண்டாம், அக்கா. தின்ற இலைகளின் நிறமிகளால் சிறுநீர் சில நாட்கள் அப்படி மாறும். நிறம் தொடர்ந்தால், அல்லது சிறுநீர் கழிக்கத் திணறினால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். முயல் தின்பது உருண்டைப் புழுக்கையை அல்ல; இரவிலோ விடியற்காலையிலோ பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பையிலிருந்து வருகிற, திராட்சைக் கொத்துப்போல் ஒட்டியிருக்கும் மென்மையான இன்னொரு வகையை. மாடு அசைபோடுவதால் பெறும் பயனை முயல் இப்படித்தான் பெறுகிறது. அதைத் தின்னாமல் விட்டால்தான் யோசிக்க வேண்டும்.

பெரியம்மா: கவிதா சொன்னதிலிருந்து முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இரையாகும் உயிர் தன் நலிவை வெளியே காட்டாது. காட்டினால் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். முயல் முனகாது, கத்தாது, நொண்டுவதைக்கூட மறைக்கும். ஆகவே காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்த்தது அவற்றின் முகத்தை அல்ல, கழிவுத் தட்டைத்தான்: புழுக்கை எத்தனை இருக்கிறது, கடலை அளவில் உருண்டையாக இருக்கிறதா, சிறுத்துவிட்டதா, உரோமத்தால் மணிபோல் கோத்துக்கொண்டிருக்கிறதா என்று. 2014 ஆடி மாதத்தில் ஒரு காலை தட்டு ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. குண்டுமணி வழக்கம்போல் உட்கார்ந்திருந்தாள், வீட்டில் மற்ற யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கொத்தமல்லியை நீட்டியபோது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அப்போதே ஆட்டோ பிடித்தோம். குடல் இயக்கம் நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் உண்ணாமல் இருந்தாலே முயலுக்கு அது உயிர் ஆபத்து. மறுநாள் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால் அவள் அதன் பிறகு நான்கு ஆண்டுகள் வாழ்ந்திருக்க மாட்டாள்.

பெரியப்பா: மருந்து விஷயத்தையும் சேர்த்துக்கொள். வீட்டில் மிஞ்சிய அமாக்சிசிலின் மாத்திரையை உடைத்து வாய்வழி கொடுத்தால் முயலின் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து உயிரே போய்விடலாம். நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு ஆகாது. நாய், பூனைகளோடு முயலையும் பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்பதை நோய் வருவதற்கு முன்பே விசாரித்து வை. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

மீனா: குழந்தை தூக்கி விளையாடுவதில் ஏதாவது ஆபத்து உண்டா? எட்டு வயதுதான், ஆனால் பொறுமையான பெண்.

கவிதா: தூக்கவே வேண்டாம், அக்கா. நான் தூக்கியபோதுதான் கடி வாங்கினேன், அதில் குண்டுமணியின் தவறு எதுவும் இல்லை. மேலே தூக்கினால் பருந்து கவ்வியதாகவே அது எடுத்துக்கொள்ளும். பின்கால்களைத் தாங்காமல் பிடித்தால் உதறுகிற வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும். யாழினி தரையில் உட்கார்ந்து படிக்கட்டும். சில வாரங்களில் அவையே வந்து மடியில் முன்கால் வைக்கும். நெற்றியைத் தடவினால் பல்லை மெல்ல நறநறக்கும், அது மகிழ்ச்சியின் ஒலி. பின்காலால் தரையைத் தட்டினால் எதையோ கண்டு எச்சரிக்கிறது என்று பொருள். நள்ளிரவில் சாம்பன் தட்டினால் மதிலில் பூனை இருக்கும்.

சித்தப்பா: எங்கள் தோட்டத்தில் சென்ற வாரம் காட்டு முயல் குட்டி ஒன்று கிடந்தது. யாழினிக்கு அதைக் கொண்டுவரலாமா என்றுகூட நினைத்தேன்.

பெரியப்பா: அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும், தம்பி. காட்டு முயல் வேறு இனம். அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, தாய் வரும்வரை புல்லுக்குள் தனியாகத்தான் பதுங்கியிருக்கும். அதைப் பிடிப்பது 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

சித்தப்பா: தொடவில்லை, அண்ணா. மறுநாள் பார்த்தபோது அங்கே இல்லை.

மீனா: கடைசியாக ஒன்று. இரண்டில் ஒன்று முதலில் போய்விட்டால் மற்றது என்ன ஆகும்?

பெரியம்மா: 2018 இல் குண்டுமணி போனபோது, புதைப்பதற்கு முன் சாம்பனை அவள் பக்கத்தில் விட்டோம். முகர்ந்தான், சிறிது நேரம் இருந்தான், பிறகு தானாக விலகிப்போனான். காட்டாமல் எடுத்திருந்தால் வீடு முழுவதும் தேடியிருப்பான். சில நாட்கள் உணவு குறைந்தது, பக்கத்திலேயே இருந்து கையால் ஊட்டினேன். பல முயல்கள் எட்டு முதல் பத்து ஆண்டுகள் வாழ்கின்றன, மீனா. யாழினி கல்லூரி விடுதிக்குப் போன பிறகும் தட்டைப் பார்ப்பவள் நீயாகத்தான் இருப்பாய். அதற்கு உனக்குச் சம்மதம் என்றால் எடுத்துக்கொள்.

மீனா: மாமியாரிடமும் அவரிடமும் பேசிவிட்டேன், இருவருக்கும் சம்மதம். சனிக்கிழமை இரண்டையும் மருத்துவரிடம் காட்டிப் பாலினத்தை உறுதி செய்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். ஒன்று ஆணாக இருந்தால் கருத்தடை முடிந்து மருத்துவர் சொல்லும்வரை அது தோழியின் வீட்டிலேயே இருக்கும். அவர் கிளம்ப இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கின்றன. பெரியப்பா, உங்கள் பழைய மரக்கூண்டு இன்னும் இருக்கிறதா?

பெரியப்பா: மாடியில் இருக்கிறது. நீளம் நான்கடி, அகலம் இரண்டரை அடி. தளம் பலகைதான், கால்களைக் கழற்றிவிடலாம். ஆனால் அது இரவுக்கும் நீங்கள் இல்லாத நேரத்துக்கும் மட்டுமே; மற்ற நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். சாம்பன் கடித்துத் தின்ற பக்கச் சட்டம் ஒன்றைத் தச்சரிடம் கொடுத்து மாற்றிவிட்டு, வியாழக்கிழமை பார்சலில் போடுகிறேன். சட்டத்துக்கு வார்னிஷ் அடிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

மீனா: எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிக் கிடக்கிறது, பெரியப்பா. கால்களைக் கழற்றியே அனுப்புங்கள்.