ஊட்டிக்குக் குஞ்சம் வைத்த மஃப்ளர்: உங்களுக்கும் இப்படி யாராவது வாய்த்தார்களா?

மஞ்சள்நூல்:
மூன்று வருஷமாக உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். டிசம்பர் லீவுக்கு ஊட்டி. பையனுக்கு ஒரு மஃப்ளர் பின்னி, இரண்டு முனையிலும் குஞ்சம் வைத்து, ஊட்டி ஸ்டேஷனில் இறங்கும்போது கழுத்தில் சுற்றிவிட வேண்டும் என்று திட்டம். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாதான். சங்கிலி மாதிரி வரும் செயினும், அதன்மேல் போடும் உயரமான கண்ணியான டபுளும்தான், வேறு வித்தை கிடையாது. யூடியூபில் ஒரே மாலையில் முடியும் என்றார்கள். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியபோது எனக்கு அது ஐந்தாவது நாள், கையில் முக்கால் மஃப்ளர்.

எதிர் சீட்டில் ஒரு பாட்டி. கல்லாறு தாண்டும்வரை பேச்சே இல்லை, என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் "குடு கண்ணு, பார்க்கலாம்" என்றார். கொடுத்தேன். மடியில் விரித்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஆரம்ப வரிசையில் 28 கண்ணி. நான் பின்னிக்கொண்டிருந்த வரிசையில் 21. விரித்துப் பார்த்தால் முள்ளங்கி மாதிரி ஒடுங்கிக்கொண்டே போகிறது. ஐந்து நாளும் என் கண்ணில் படவில்லை.

அந்த நேரம் பார்த்து வண்டி குகைக்குள் நுழைந்தது. பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் 'ஓ'வென்று கத்துகிறார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் டுப், டுப், டுப் என்று கண்ணி அவிழும் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. வெளிச்சம் வந்தபோது எட்டுப் பத்து வரிசை போயிருந்தது. நிறுத்தவும் இல்லை. இழுத்த நூலை இடது கை விரல்களில் சுற்றிக்கொண்டே, "28 வர்ற வரைக்கும் பிரிக்கணும் கண்ணு" என்றார். 28 வந்த இடத்தில் ஒரு சாண் துணிதான் மிச்சம். அதன்மேல் தானே இரண்டு வரிசை போட்டுக் காட்டினார். "கடைசிக் கண்ணி ஒளிஞ்சுக்கும், தேடிப் புடிக்கணும்." குன்னூரில் பையன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பிரிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன் ஊட்டியில் போட்டது திபெத்தியர் கடையில் வாங்கிய மஃப்ளர். எனக்கு இன்னும் கோபமா என்ன என்றே தெரியவில்லை.

வயர்கூடை அக்கா:
பின்னிக்கொண்டிருப்பதை இன்னொருவர் கையில் கொடுத்ததே தப்பு. வயர் கூடை போட்ட காலத்திலிருந்து சொல்கிறேன், பாதிக் கூடையை யாரிடமும் கொடுக்கக் கூடாது. ஆனால் பாட்டி பிரித்தது சரிதான். கேட்டிருந்தால் நீங்கள் விட்டிருப்பீர்களா?

என் கதை சின்னது. தங்கை மகளுக்குக் கொடைக்கானல் போக மெரூன் மஃப்ளர். குஞ்சத்துக்கு நூல் தீர்ந்துவிட்டது. அதே கடை, அதே கம்பெனி, அதே நிறம் என்று இன்னொரு உருண்டை வாங்கினேன். வீட்டு ட்யூப்லைட்டில் வித்தியாசமே தெரியவில்லை. ஏரிக்கரை வெயிலில் அவள் நிற்கிறாள், உடம்பு மெரூன், குஞ்சம் செங்கல்! உருண்டையைச் சுற்றியிருக்கும் பட்டையில் சாய எண் இருக்கும், அது ஒன்றாக இருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

இப்போது மஞ்சள்நூலுக்கு. டபுள் என்றால் வரிசை திரும்பும்போது மூன்று செயின் போடுவீர்கள் அல்லவா, அதுவே முதல் கண்ணி. அதனால் ஊசியை இரண்டாவது கண்ணியில்தான் விட வேண்டும். வரிசை முடியும்போது, முந்தின வரிசையின் மூன்று செயின் இருக்கிறதே, அதன் தலையில் கடைசி டபுளைப் போட வேண்டும். புதிதாகப் பின்னுகிறவர்கள் விடுவது இதைத்தான். அது பார்க்கக் கண்ணி மாதிரியே இருக்காது. அந்த இடத்தில் ஓர் ஊக்கைக் குத்தி வையுங்கள், வரிசைக்கு வரிசை மாற்றிக்கொண்டே போங்கள். ஐந்து வரிசைக்கு ஒரு முறை எண்ணுங்கள். அடிச் செயினை இறுக்கிப் போடாதீர்கள். 5 மி.மீ. ஊசியில் பின்னுவதானால் செயினுக்கு மட்டும் 6 எடுங்கள். குஞ்சத்துக்கான நூலை முதலிலேயே வெட்டி ஒரு கவரில் போட்டுவிடுங்கள். நோட்டுப்புத்தகத்தைச் சுற்றி ஒரு பக்கம் கத்தரித்தால் எல்லாம் ஒரே அளவு வரும். இரண்டாக மடித்துத்தான் கட்டுகிறோம், முடிச்சுக்கும் கொஞ்சம் போகும், எனவே 15 செ.மீ. தொங்க வேண்டுமானால் 34 வெட்டுங்கள். மாட்டும்போது மடிப்பை ஊசியால் துணிக்குள் இழுத்து, வால்களை அந்த வளையத்தில் விட்டுச் சுருக்கினால் போதும்.

ஸ்கார்பரோக் குளிர்:
15 செ.மீ. குஞ்சம் எல்லாம் படம் எடுக்கத்தான். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கிறிஸ்மஸ் விடுமுறைக்கு எங்களிடம் வந்தபோது சாம்பல் நிறத்தில் ஒன்று பின்னி வைத்திருந்தேன். "இதென்ன பிள்ளை, பாயில இருக்கிற மாதிரிக் குஞ்சம்" என்று சிரித்தார். ஆனால் கழற்றவில்லை.

ஒரு காலை என்னோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தார். மைனஸ் 14. ஜாக்கெட் ஜிப்பை மேலே இழுக்கும்போது நாலைந்து குஞ்சம் பல்லில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. கையுறையைக் கழற்றிவிட்டு இழுக்கிறேன், விரல் மரத்துப் போகிறது. பையில் நகவெட்டி இருந்தது. எடுத்தேன். "வெட்டாதை, நீ கட்டினது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் வந்துவிட்டது, நான் ஏறிவிட்டேன்.

பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் ஹீட்டர் சூட்டில் வேர்த்து வடிய, ஜாக்கெட்டோடு சோபாவில் இருக்கிறார். தலைவழியாக உருவியிருக்கலாம், உருவவில்லை. நகவெட்டியால்தான் வெட்டினேன். நாலு குஞ்சம் குறைந்த அந்த மஃப்ளரை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். யாழ்ப்பாண வெயிலில் அதை என்ன செய்கிறார் என்று கேட்க மனம் வரவில்லை.

விடுதி அறை 12:
நான் பையன். பின்னத் தெரியும், சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். காலேஜிலிருந்து மணாலி டூர், ஒரு தோழிக்காக நீல மஃப்ளர். ஓரம் சுருண்டுகொண்டே இருந்ததால், கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அயர்ன் பாக்ஸை வைத்துத் தேய்த்தேன். அக்ரிலிக் நூல். ஆவி வந்தது, ஓரம் படிந்தது, சந்தோஷப்பட்டேன். கையில் எடுத்தால் தண்ணீரில் நனைத்த அப்பளம் மாதிரித் துவள்கிறது, மேலே ஒரு பளபளப்பு வேறு. நூல் சூட்டில் இளகிவிட்டால் பழையபடி ஆகாது என்று அப்புறம்தான் தெரிந்தது.

கொடுத்தபோது தடவிப் பார்த்துவிட்டு, "பட்டா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஏழு வருஷமாகிறது.

கான்வென்ட்கைத்தையல்:
வயர்கூடை அக்கா மூன்று செயின் என்று அடித்துச் சொல்லியிருப்பது அமெரிக்கக் கணக்கு. எங்களுக்கு சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது பிரிட்டிஷ் முறை. அதில் டபுள் என்பது அமெரிக்கர்களின் சிங்கிள், அதாவது குட்டைக் கண்ணி, திரும்ப ஒரு செயின் போதும். அவர்கள் டபுள் என்பது நமக்கு ட்ரெபிள். நான் அமெரிக்கப் பின்னல் குறிப்பு ஒன்றைப் பார்த்து எங்கள் டபுளைப் போட்டு, ஒரு மாதம் பின்னியும் மஃப்ளர் பாதி நீளம்தான். பலகை மாதிரி விறைப்பு. என் மாமியார் அதை மடித்துக் குக்கர் இறக்கிவைத்தார், என் கண்ணெதிரே. மஞ்சள்நூல் எந்த முறை என்று தெரியாமல் இவ்வளவு அறிவுரையா?

வயர்கூடை அக்கா:
யூடியூப் என்று முதலிலேயே எழுதியிருக்கிறார். டபுளில் ஐந்து நாளில் முக்கால் மஃப்ளர் வந்திருக்கிறது, உங்கள் டபுளில் வருமா? குக்கர் விஷயத்துக்கு மட்டும் வருத்தப்படுகிறேன்.

மஞ்சள்நூல்:
அமெரிக்க முறைதான், மூன்று செயின்தான், சண்டை வேண்டாம். நேற்று ராத்திரி அலமாரியைக் குடைந்து அந்த ஒரு சாண் துண்டை எடுத்தேன், ஊசி அதிலேயே சொருகியிருந்தது. பாட்டி போட்ட இரண்டு வரிசை என்னுடையதைவிட இறுக்கம், தடவினாலே தெரிகிறது. அதற்கு மேல் ஆறு வரிசை போட்டிருக்கிறேன், ஊக்கு குத்தித்தான். 28 இருக்கிறது. பையனுக்கு இப்போது மஞ்சள் பிடிக்காதாம். குஞ்சத்துக்கு நூல் போதாது போலிருக்கிறது, உருண்டையின் பட்டையையும் தொலைத்துவிட்டேன். அக்கா, திட்டாதீர்கள்.